ஒளித்துவைத்த வீரியம்

பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகருக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்ட்மல்லே மடத்தின் துறவிகள் 1934-இல் தயாரிக்கத் தொடங்கிய டிரிப்பெல் என்ற பீர், பார்வைக்குப் பரம சாது. வெளிர்பொன் நிறம், கெட்டியான வெள்ளை நுரை. உள்ளே இருப்பதோ 9.5 சதவீத ஆல்கஹால். அவ்வளவு வீரியத்தையும் நாக்குக்குக் காட்டாமல் மறைப்பதில்தான் அதன் அழகு. தானியத்திலிருந்து தொடங்கி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சவால் கிடையாது என்பேன்.

சேர்மானம் என்னவோ கொஞ்சம்தான். முளைகட்டி இளஞ்சூட்டில் உலர்த்திய பில்ஸ்னர் மால்ட், சாட்ஸ் மாதிரி மென்மையான ஹாப்ஸ், சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர். சிலர் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். கோதுமை சேர்ந்த விட்பீருக்கு அது சரி. டிரிப்பெலில் போடுவது ஈஸ்டை நம்பாதவர்கள் செய்கிற வேலை.

நொறுக்கிய மால்ட்டை 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அதிலுள்ள நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். சூடு 70-ஐத் தொட்டால் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சும், பீர் கனத்துப்போகும். வடித்த சாற்றை ஹாப்ஸோடு ஒன்றரை மணி நேரம் மூடாமல் கொதிக்கவிடுவார்கள். வெளிர் மால்ட்டுக்கே உரிய வெந்த சோள வாடை ஆவியோடு போக வேண்டுமே!

பீரில் சர்க்கரை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. செலவைக் குறைக்கும் தந்திரம், இனிப்புக்காகச் செய்வது என்று நினைப்பார்கள். நடப்பது நேரெதிர். சாதாரணச் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடுகிறது. ஆல்கஹால் ஏறும், கனம் ஏறாது. இதே வீரியத்தை மால்ட்டிலிருந்து மட்டுமே எடுத்துப் பாருங்கள், பாதிக் கோப்பையிலேயே திகட்டிவிடும்.

ஆனாலும் டிரிப்பெலின் மணம் பெரும்பாலும் ஈஸ்டின் கைவண்ணம். வாழைப்பழம், பேரிக்காய், கிராம்பு, மிளகு என்று நாம் முகர்வதில் எதையும் யாரும் பாத்திரத்தில் போடவில்லை; எல்லாம் நொதிக்கும்போது பிறந்தவை. 18 டிகிரியில் ஈஸ்டைச் சேர்த்து, சில நாட்களில் 22, 23 வரை தானாக ஏறவிடுவது வீட்டில் காய்ச்சுபவர்களின் வழக்கம். ஆரம்பமே சூடாக இருந்தால் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்கள் சேர்ந்துவிடும். நடுவில் குளிர்ந்தாலோ ஈஸ்ட் சோர்ந்து படுத்துவிடும், தின்னாத இனிப்பு அப்படியே தங்கிவிடும்.

அப்புறம் தடித்த கண்ணாடிப் புட்டி, அதில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை, இரண்டாம் நொதிப்பு. நுரையும் துள்ளலும் இங்கேதான் பிறக்கின்றன. அந்தத் துள்ளல் இல்லாத டிரிப்பெலை நான் டிரிப்பெல் என்றே ஒத்துக்கொள்ளமாட்டேன். என்ன மணம் இருந்தாலும் நாக்கில் மந்தமாகக் கிடக்கும்.

வெஸ்ட்மல்லேயின் ஈஸ்டைத்தான் வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்துத் துறவிகளும் பயன்படுத்துகிறார்கள். ஈஸ்ட் ஒன்றே என்றாலும், அவர்களுடைய பெயர்பெற்ற கரும்பழுப்பு பீரில் உலர்திராட்சையும் கருகிய சர்க்கரையும் மணக்கின்றன. வீட்டில் காய்ச்சுபவர்களில் சிலர் இந்த ஈஸ்டைக் கடையில்கூடத் தேடுவதில்லை. வெஸ்ட்மல்லே புட்டியைக் குடித்து முடித்து, அடியில் தங்கிய உயிருள்ள வண்டலை நீர்த்த மால்ட் சாற்றில் விட்டு வளர்த்துக்கொள்கிறார்கள்.