குறியீடாக்கப்பட்ட உடல்: ஒரு நாவலும் இரு திரைப்படங்களும்

டி. எச். லோறன்சின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்னும் நாவலை நம்மிடையே பயின்றோர் அதன் தடையையும் வழக்கையுமே பெரிதும் நினைவிற் கொண்டிருப்பர். 1928 இல் புளோரன்சு நகரில் தனிப்பதிப்பாக வெளிவந்த அந்நாவலின் முழுவடிவம், 1960 இல் இலண்டனில் நடந்த வழக்கில் பெங்குவின் பதிப்பகத்தார் விடுவிக்கப்பட்ட பின்னரே இங்கிலாந்தில் தடையின்றி விற்பனையாயிற்று. ஆபாசம் எது, இலக்கியம் எது என்ற அவ்வாதத்தின் இரைச்சலிடையே, நாவலிலுள்ள ஒரு பாத்திரத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அப்பாத்திரம் கிளிபர்ட் சாட்டர்லி.

1917 இல் மணம்முடித்து, ஒரு மாத விடுமுறையின்பின் போர்முனை திரும்பி, சிதைந்த உடலோடு வீடு சேரும் கிளிபர்ட்டுக்கு இடுப்பின் கீழ் இயக்கமில்லை. அவனது பால்வாழ்வும் அத்தோடு முடிந்ததென ஆசிரியர் தீர்ப்பளித்து விடுகிறார். சுரங்க முதலாளியின் ஆணவம், உணர்ச்சி வறட்சி, இறுதியில் தாதி போல்டன் அம்மையாரிடம் குழந்தைபோல ஒட்டிக்கொள்ளும் இழிநிலை ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக அவன்மீது சுமத்தப்படுகின்றன. இயந்திரம் பூட்டிய அவனுடைய நாற்காலி காட்டுப்பூக்களை நசுக்கிக்கொண்டு சென்று ஏற்றத்தில் நின்றுவிட, காவலாளி மெலர்ஸ் அதனைத் தள்ள நேரிடும் காட்சி வர்க்க விமர்சனம் என்ற வகையில் வலிமை மிக்கதே. ஆயின் அவ்வலிமைக்கு விலையாக வைக்கப்பட்டது ஊனமுற்ற ஒருவனின் உடல்.

இந்நாவல் குறித்து லோறன்சே எழுதி 1930 இல் வெளிவந்த கட்டுரையொன்று இங்கு மனங்கொள்ளத்தக்கது. கிளிபர்ட்டின் முடம் மேல்வர்க்கத்தாரின் உணர்வுச் செயலிழப்புக்குக் குறியீடாக அமைந்ததைத் தாம் பின்னரே உணர்ந்ததாக அவர் கூறுகிறார். அவனை முடமாக்கியது கொனிக்கு நியாயமற்றதாகலாம் எனவும், அவள் அவனைப் பிரிவது அதனாற் கூடுதல் கொச்சையாகத் தோன்றுமெனவும் கவலையுறுகிறார். கொனிக்கு அநியாயம்! கிளிபர்ட்டுக்கு நேர்ந்தது குறித்து இத்தகைய கவலை எதுவும் அவருக்கு எழவில்லை.

லோறன்சின் காலத்தில் முண்ணாண் காயமுற்றோர் நெடுங்காலம் வாழ்வதே அரிதாயிருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொண்டுபோயின. 1944 இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சை முறையே இந்நிலையை மாற்றியமைத்த முன்னோடி முயற்சிகளுள் முதன்மையானது. காயத்தின் மட்டத்தையும் அது முழுமையானதா பகுதியானதா என்பதையும் பொறுத்துப் பாற்செயற்பாடு ஆளுக்காள் வேறுபடும் என்பதும், காயமுற்ற ஆடவர் பலருக்கு மறிவினை வழி விறைப்பு எஞ்சியிருக்கும் என்பதும், உணர்வு எஞ்சிய இடங்களிற் தொடுகை புதிய இன்பந் தரலாம் என்பதும் இன்று வைத்தியம் அறிந்தவை. இவ்வறிவு லோறன்சிடம் இல்லாமையைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் உடலின் ஞானத்தைப் பாடிய ஒருவர் இவ்வுடல் என்ன உணர்கிறது என்று ஒருமுறையேனும் வினவாது விட்டது விந்தையே.

அவ்வினாவை எழுப்பியது 1950 இல் பிரெட் சினமன் இயக்கிய 'த மென்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். மார்லன் பிராண்டோவின் முதற்படமான இதிற் போரிற் காயமுற்ற உண்மையான நோயாளர் பலரும் தோன்றினர். பிராண்டோவும் நடிப்பின் பொருட்டுச் சில வாரங்கள் அவர்களோடு வைத்தியசாலையிற் தங்கியிருந்தார். வைத்தியர் புரொக் நோயாளரின் மனைவியர், தாய்மார், காதலியர் ஆகியோரைக் கூட்டிவைத்து அவர்களுடைய ஐயங்களுக்கு விடையளிக்கும் காட்சியிற் பிள்ளைப்பேறு பற்றிய வினாவும் பேசப்படுகிறது. அக்காலத்து ஹொலிவூட்டில் இது சிறு துணிவன்று. படத்தின் உயிர் மணநாள் இரவிலேயே உள்ளது. புதிய வீடு, நாற்காலிச் சக்கரம் பதிந்த கம்பளம், தன்விருப்பின்றித் துடிக்கும் கால், அதனைக் கண்டு ஒருகணம் கலங்கும் எலனின் முகம். அவள் கலங்கினாள் என்பதையும், அவன் அதனைக் கண்டான் என்பதையும் படம் மறைக்கவில்லை. தாம்பத்தியம் உடைவதும் பின்னர் ஒட்டுவதும் இவ்வெளிப்படையின்மீதே நிகழ்கின்றன. எனினும் அறைக்கதவுக்கு அப்பால் நடப்பதைத் தணிக்கைக் காலத்துப் படத்தாற் சொல்ல இயலவில்லை.

ஹால் ஆஷ்பியின் 'கமிங் ஹோம்' (1978) அக்கதவைத் திறந்தது. வியட்நாம் போரில் ஊனமுற்ற லூக்கும் படையதிகாரியின் மனைவி சலியும் முதலிற் சந்திப்பதே அவனது சிறுநீர்ப்பை சிந்தும் வெட்கத்திடையே. ஆகவே பிற்பாடு வரும் காதற்காட்சி கனவாக அமையாது, அறியப்பட்ட உடலோடு நிகழ்கிறது. தன்னால் எதை உணர முடியும், எதை முடியாது என்பதை லூக் சொல்கிறான். சலி கேட்கிறாள். கிளிபர்ட்டுக்கு வாய்க்காத உரையாடல் இதுவே. சலியின் கணவன் கடலுள் இறங்கிச் செல்லும் முடிவு எமக்கு உவப்பானதன்று. இருவரும் ஒரு வீட்டில் அன்றாடம் எவ்வாறு வாழ்வர் என்ற கடினமான பகுதியிலிருந்து படம் நழுவிவிடுகிறது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. மூன்று ஆக்கங்களிலும் காயமுற்றவன் ஆண். பெண் அவனைப் பராமரிப்பவள் அல்லது பிரிபவள். முண்ணாண் காயமுற்ற பெண்ணொருத்திக்குச் சில மாதங்களில் மாதவிலக்கு மீள்வதும், கருத்தரித்துப் பிள்ளைபெற இயல்வதும் வழமை. ஆயினும் அவளுடைய ஆசையைப்பற்றிக் கதைசொல்வோர் மிகச் சிலரே. போரும் விபத்தும் சக்கர நாற்காலியில் இருத்திய பெண்கள் வாழும் நம் நாட்டில் இம்மௌனம் இன்னும் அடர்த்தியானது. 'பாவம்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இவ்வகையில் அமெரிக்கக் கட்டுரையாசிரியை நான்சி மெயர்சின் எழுத்துக்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு ஆளான அவர், 1986 இல் வெளிவந்த 'பிளெயின்ரெக்ஸ்ற்' தொகுதியில், நாகரிகமான சொற்களை ஒதுக்கித் தம்மை 'முடத்தி' என்றே அழைத்துக்கொள்கிறார். விளம்பரங்கள் வகுத்த பெண்ணழகினுள் தம் உடல் அடங்காமையையும், அவ்வுடல்மீது தமக்கெழும் வெறுப்பையும் மறைக்காது எழுதுகிறார். அதே எழுத்தில் மனைவியாகவும் தாயாகவும் இருக்கிறார், சிரிக்கவும் செய்கிறார். ஆங்கில வகுப்புகளில் லோறன்சைக் கற்பிப்போர், கிளிபர்ட்டை அடுத்து இக்கட்டுரையையும் மாணவர் கையிற் கொடுத்தல் நன்று.