எண்ணி எடுத்த ஒளி

தலைமன்னார் பியரில் நின்று மேற்கே பாருங்கள். கடல் ஒரே நிறமாக இருக்காது. காலடியில் பால் கலந்த இளம்பச்சை. சற்றே தள்ளி மரகதம். பிறகு நாடா விரித்தாற்போல ஒரு கருநீலம். அதைத் தாண்டி மறுபடியும் இளம்பச்சை. மணல்திட்டாகிய தீடை எது, ஓடை எது என்று வள்ளக்காரர் இந்த நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இத்தனை பச்சைக்கும் நடுவே வானிலிருந்து இன்னொரு பச்சையும் வந்து விழுகிறது என்று தெரிந்த நாள்முதல், எனக்கு இந்தக் கடல் பார்த்துத் தீரவில்லை.

துருவப் பனியை அளக்கவென்று நாசா 2018 செப்டம்பர் 15ஆம் திகதி ஏவிய ஐஸ்சாட்-2 செய்மதியின் லேசர்ப் பச்சை அது. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்குப் பத்தாயிரம் தடவை துடிக்கிறது. ஒரு துடிப்பில் புறப்படும் ஒளித்துகள்கள் சுமார் 20 இலட்சம் கோடி. திரும்பி வந்து சேருபவை பத்துப் பன்னிரண்டு. கடலின் மேல் என்றால் பல வேளை அதிலும் குறைவு. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேறு எந்தக் கணக்கப்பிள்ளையும் இதை நட்டம் என்று எழுதிப் பேரேட்டை மூடியிருப்பார். இங்கே அந்த ஒன்றிரண்டையும், இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகளை வாசலில் நின்று எண்ணும் தாயைப்போல, ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே எடுக்கிறார்கள்.

எண்ணுகிற விதத்தில்தான் என் மனம் கிடக்கிறது. துகள் ஒன்று ஒளியுணர் தகட்டில் பட்டதும் ஒரேயோர் இலத்திரன் துள்ளி எழும். அது அடுத்த தகட்டில் மோதிச் சிலவற்றை எழுப்பும். அவை அதற்கடுத்ததில் மோதி இன்னும் பலவற்றை எழுப்பும். கடைசித் தகட்டுக்கு வரும்போது இலட்சக்கணக்கில் திரண்டு ஒரு மின்துடிப்பாகிவிடும். எண்ணும் கருவி அதை 'ஒன்று' என்று குறித்துக்கொள்கிறது. குறித்த கையோடு சில நனோ செக்கன் கண் மூடிவிடும். அந்நேரம் வரும் துகள் காணாமல் போகும். அதற்காகவே லேசர் பிரியும் கதிர்களில் வலுவானவை ஒவ்வொன்றுக்கும் 16 கண்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று இமைக்கையில் மற்றவை விழித்திருக்கும். இத்தனை நளினமான காவலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வந்தது எத்தனை என்பதோடு, வந்தது எப்போது என்பதும் வேண்டும். ஒரு நனோ செக்கன் பிசகினால் உயரத்தில் 15 சென்ரிமீற்றர் பிசகும். இரண்டரை மீற்றர் ஆழமுள்ள ஓடையில், நீர்மேல் பட்டுத் திரும்பிய துகளுக்கும் அடிமணலைத் தொட்டுத் திரும்பிய துகளுக்கும் இடைவெளி சுமார் 22 நனோ செக்கன்தான். நீருக்குள் போனதும் ஒளியின் நடை தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியைக் கழிக்காவிட்டால் இரண்டரை மீற்றர் ஆழம் மூன்றேகால் மீற்றருக்கு மேல் என்று கணக்கு வரும். வள்ளத்தில் இருந்து குனிந்து பார்க்கும் நமக்கோ அதே அடிமணல் கைக்கெட்டும்படி மேலெழும்பி நிற்கிறது. கண்ணுக்கு ஆழத்தைக் குறைத்தும் கடிகாரத்துக்குக் கூட்டியும் காட்டுகிற குறும்புக்காரத் தண்ணீர்!

பகலில் சூரியனின் துகள்களும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்துவிடும். தன் துகள் எது, சூரியனுடையது எது என்று கருவிக்கு முகம் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் சூரியனின் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கும். அடிமணலைத் தொட்டு வந்தவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு கட்டும். இழை போடாத கோலத்தில் புள்ளிகளை மட்டும் பார்த்தே கோலத்தைக் கண்டுகொள்வதுபோல, அந்தக் கோட்டில் கடலடி தெரிகிறது. சூரியன் இல்லாத இரவில் கோலம் இன்னும் துலக்கம்.

இப்படித்தான் இந்தியத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் ஆய்வாளர்கள் ஆதாம் பாலத்தை, நம்மவர் சொல்லும் இராமர் அணையை, வரைந்து 2024இல் வெளியிட்டார்கள். 2018 ஒக்ரோபர் முதல் 2023 ஒக்ரோபர் வரை, நீரைத் துளைத்துத் திரும்பிய சுமார் இரண்டு இலட்சம் துகள்களே அவர்களுடைய மை. ஒரே துடிப்பில் புறப்படுவதில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் அது! அந்த மையில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 29 கிலோமீற்றர் எழுந்து வருகிறது. 99.98 வீதம் நீருக்கடியில். கடலடியிலிருந்து 8 மீற்றர் வரை உயரம். குறுக்கே இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தில் 11 ஒடுங்கிய ஓடைகள், மன்னார் வளைகுடாவுக்கும் பாக்கு நீரிணைக்கும் இடையே தண்ணீர் போய்வரும் வழிகள். பியரிலிருந்து பார்த்த கருநீல நாடாக்களுக்கு அந்தப் படத்தில் ஆழமும் எழுதியாகிவிட்டது.

செய்மதி எண்ணிய துகள் ஒவ்வொன்றின் நேரமும் இடமும் எவரும் பணம் கொடுக்காமல் இணையத்திலிருந்து இறக்கிப் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன. தலைமன்னார்ப் பிள்ளைகளுக்கு யாராவது அவற்றை ஒருமுறை திறந்து காட்டுங்கள்.