காதும் ஜாக்கியும்

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், வண்டியில் பூட்டி இழுக்கவைத்தும் பார்ப்பார். பக்கத்து வையம்பட்டியில் நெடுஞ்சாலையோரப் பட்டறைக்கு 1980-களின் மகிந்திரா எம்.எம். 540 ஜீப் வந்தால் பெரும்பாலும் ஒரே சோதனைதான். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, "கிரவுன் போயிருச்சுண்ணே" என்பார்.

அந்தக் காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த வண்டியில் ஸ்கேனர் மாட்ட சென்சாரே கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூவி, விட்டால் அடங்கும் சத்தம், அச்சுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் பக்கம் கைகாட்டும். கிளம்பும்போது 'டக்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டு. நியூட்ரலில் உருளும்போதும் வேகத்தோடு ஏறி, வளைவில் மாறும் முனகல் ஹப் பேரிங். செலவில்லாமல் இவ்வளவும் தெரிகிறது.

ஆனால் சத்தம் சேசிஸ் வழியே ஓடும். முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் பிறந்த கூவல் பின்சீட்டுக்கு அடியில் கேட்கும். முரட்டு டயரின் இரைச்சல்கூட கிரவுன்போல ஏமாற்றும். கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பொருந்தியவை. தேவையில்லாமல் பிரித்து, ஷிம் தகடுகளின் அளவு பிசகிப் பூட்டினால், இல்லாத கூவல் புதிதாக வந்து சேரும்.

இன்னொரு பிழை ஃபோர்வீலைப் பற்றியது. இவ்வகை ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் போகும். அந்த வித்தியாசம் மண்ணில் டயர் வழுக்கித் தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் தீராமல் ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறும். ஸ்டீயரிங் இறுகும், 'டக் டக்' என்று அடிக்கும், ஃபோர்வீல் லிவர் வர மறுக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விலகக்கூடிய இந்த முறுக்குக்காக நல்ல கியர் பெட்டியைப் பிரிப்பது அநியாயம்.

ஆகவே காது சந்தேகத்தைச் சொல்லட்டும், ஜாக்கி உறுதிசெய்யட்டும். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். ஷாஃப்ட்டைக் கையால் திருகினால் கிராஸின் தேய்மானம் தெரியும். கியர் ஆயிலை வடித்தால் உலோக நுண்பொடி இயல்பு, செதில்கள் ஆபத்து. பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, முன்சக்கர இழுவையில் மண்பாதையில் ஓட்டியும் பார்க்கலாம். கூவல் அடங்கினால் பின்பக்கச் சந்தேகம் வலுக்கும்.

இதெல்லாம் தெரிந்த மெக்கானிக்கும் ஏன் செய்வதில்லை? பிரித்துப் பூட்டினால்தான் கூலி கொடுக்கிறோம். பார்த்துச் சொன்னதற்குக் கொடுப்பதில்லை. சந்தையில் மாட்டைப் பார்த்துச் சொல்லும் தரகருக்குத் தரகு உண்டு. ஜீப்புக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் சோதிப்பவருக்கும் அதைக் கொடுத்துப் பழகினால், பாதிப் பெட்டிகள் பிரிபடாமலே பிழைக்கும் என்று நம்புகிறேன்.