சுந்தரவனத்தில் காட்டுயிர்ப் படம்பிடிப்பு

ஜாதவ்பூர் ரயில் நிலையத்தில் நிற்கும் கேனிங் லோக்கல்தான் கொல்கத்தாவின் தென்பகுதிக்காரர்களுக்குச் சுந்தரவனத்தின் வாசல். கேனிங்கிலிருந்து சாலை வழியே கத்காலி, பிறகு படகு. குளிர்காலத்தில் நீண்ட லென்ஸ்களோடு பலர் இங்கே வருகிறார்கள்.

1984இல் தேசியப் பூங்காவாகவும் 1987இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட இந்த அலையாத்திக் காட்டில் ஜீப் சவாரி இல்லை. பயணிகள் கரையிறங்கித் திரியவும் முடியாது. சஜ்னேகாலி, சுதன்யகாலி போன்ற இடங்களின் கண்காணிப்புக் கோபுரங்களை விட்டால், படமெடுப்பதெல்லாம் படகிலிருந்துதான். படமெடுப்பவர் காட்டை மிதிப்பதே இல்லை என்பது இம்முறையின் பெரிய நன்மை. அதற்கு விலையும் உண்டு. எஞ்சின் அதிர்வு முக்காலியின் கால்வழி ஏறிப் படத்தைக் கலங்கடிக்கும். எஞ்சினை நிறுத்தினால் படகு நீரோட்டத்தோடு நகரும்.

வெளிச்சத்தோடு ஓதத்தையும் பார்த்தாக வேண்டும். நீர் ஏறியிருக்கும்போது கரை மறைந்து இலைச்சுவர் மட்டுமே தெரியும். வற்றத்தில்தான் காடு தன்னைக் காட்டுகிறது: ஈட்டிமுனைகளாக நிற்கும் மூச்சுவேர்கள், சேற்றில் தத்தும் மீன்கள், ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டுகள், வெயில் காயும் உவர்நீர் முதலை. இவ்வளவு அள்ளித் தரும் சேற்றைப் பலர் புலித்தடம் தேடும் இடமாக மட்டுமே பார்ப்பது பெரிய இழப்பு.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியச் சுந்தரவனத்தில் சுமார் 100 புலிகள் உள்ளன. ஹெந்தால் என்னும் ஈச்சவகைப் புதரின் பச்சையும் காய்ந்த மஞ்சளும் கலந்த ஓலைகளுக்கிடையே புலியின் வரிகள் கரைந்துவிடும். அதனால் ஒரு படகுக்குப் புலி தென்பட்டால் மற்றவையும் அங்கே விரைகின்றன. புலி ஓடையை நீந்திக் கடக்கும் நேரத்தில் படகுகள் நெருங்கினால் அதன் வழி அடைபடுகிறது. இப்பழக்கத்தின் மிக மோசமான முகம் இதுதான். எவ்வளவு அரிய படமும் இதை நியாயப்படுத்தாது. மனிதர் அருகிலில்லாமல் தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும், அழகென்று சொல்ல முடியாத படங்களிலிருந்தே வரிகளை ஒப்பிட்டுப் புலிகள் எண்ணப்படுகின்றன.

கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கை குறித்து எழுதிவந்த மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். விலங்கின் நடத்தையை ஊன்றிக் கவனித்து எழுதும் பழக்கம் அவருடைய படங்களுக்குத் துணையாக நின்றது. இன்றைய படங்களில் பலவற்றுக்கு அந்தத் துணை இல்லை. இடமும் பொழுதும்கூடக் குறிக்கப்படுவதில்லை.

சட்டகத்துக்கு வெளியே விடப்படுவதும் கவலைக்குரியது. புலி ஊருக்குள் வராமலிருக்கக் காட்டோரம் கட்டிய நைலான் வலையும், உயிரைப் பணயம் வைத்து நண்டு பிடிக்கப் போகும் தோணிகளும் ‘தீண்டப்படாத காடு’ என்ற தோற்றத்துக்காக வெட்டப்படுகின்றன. பூங்காவுக்கு மேற்கே, ஹூக்ளியின் கழிமுகத்தில் கோராமாரா தீவு அரிக்கப்பட்டுச் சுருங்கிவருகிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் ஆய்வாளர்கள் இத்தகைய மாற்றங்களைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்துள்ளனர். ஐலா (2009), ஆம்பன் (2020) புயல்களுக்கு முன்னும் பின்னும் ஒரே கரையை ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் அந்த அளவீட்டுக்குத் துணையாகும். அதற்கு நீண்ட லென்ஸ் வேண்டாம். ஒரே படகுத்துறையில், ஆண்டுதோறும் அதே வற்றத்தில் நின்று எடுத்தால் போதும்.