சேரும் பல், சேராத பல்

திருச்சியின் பெல் கொதிகலன் ஆலை 1965-ல் தொடங்கியதிலிருந்து திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் அதைச் சார்ந்த பட்டறைகள் பெருகின. அங்கே லேத்தின் பக்கமூடியைத் திறந்தால் பல்சக்கரங்கள் தெரியும். சாலையோரக் கரும்புச்சாறு இயந்திரத்திலும் அவை உண்டு. அவற்றை ரசிக்க ஒரு விதி தெரிந்தால் போதும்: ஒரு பல் பிடியை விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துவிட வேண்டும்.

எண்ணுங்கள்

இயந்திரம் நின்றிருக்கும்போது ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டு எண்ணத் தொடங்குங்கள். சின்னதில் 20, பெரியதில் 40 பல் என்றால், சின்னது இரண்டு சுற்று சுற்றப் பெரியது ஒரு சுற்று சுற்றும். பெரியதில் 41 இருந்தால் அமைத்தவர் நுட்பக்காரர். 20-க்கும் 41-க்கும் பொது வகுஎண் இல்லை. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் பரவிவிடும்.

லேத்தில் 127 பல் சக்கரம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதன் ஐந்து மடங்கு 127. அங்குலக் கணக்கு லேத்தில் மில்லிமீட்டர் மரையைப் பிசகின்றி வெட்ட வைப்பது இந்த ஒரு சக்கரம்தான்.

அளந்து பாருங்கள்

பல்லின் அளவை மாட்யூல் என்பார்கள். சக்கரத்தின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் போதும். 20 பல், 44 மி.மீ. என்றால் மாட்யூல் 2. 40 பல், 84 மி.மீ. என்றாலும் 2. இரண்டின் அழுத்தக் கோணமும் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் சாய்வு) ஒன்றாக, பெரும்பாலும் 20 டிகிரியாக, இருந்தால் சேரும். மையங்களை 60 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

பழைய அங்குல முறையின் 12 டி.பி. (ஓர் அங்குல விட்டத்துக்கு 12 பல்) சக்கரம் பார்வைக்கு மாட்யூல் 2 போலவே இருக்கும். ஆனால் அதன் பல்லுக்குப் பல் தூரம் 6.65 மி.மீ.; மாட்யூல் 2-க்கு 6.28. அடுத்த பல் வர வேண்டிய இடத்தில் வராது. அந்த ஜோடி இரையும், முட்டும், பல்லைத் தின்னும்.

தடத்தைப் படியுங்கள்

ஓடித் தேய்ந்த பல்லில் மினுங்கும் இடத்தைப் பாருங்கள். பல்லின் அகலத்தில் நடுவாகப் பரவியிருந்தால் பொருத்தியவர் கை தேர்ந்தது. ஓரத்தில் மட்டும் மினுங்கினால் தண்டுகள் இணையாக இல்லை. இரு பற்களுக்கிடையே மயிரிழை அளவு ஆட்டம் இருப்பது குறையல்ல; எண்ணெய்க்கும் சூட்டில் விரியும் இரும்புக்கும் அந்த இடம் தேவை.

மலையில் பாருங்கள்

ஊட்டி ரயிலுக்கு இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்தது நம் பக்கத்துப் பொன்மலைப் பணிமனை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும். தண்டவாள நடுவே இரண்டு பல்சட்டங்கள். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு சட்டத்தில் பல் மாறும்போது இன்னொன்றில் பிடி இருக்கும். பட்டறையில் வெர்னியரால் சரிபார்த்த அதே விதியை நம்பித்தான் பெட்டி நிறைய மனிதர்கள் மலையேறுகிறார்கள்.