திரையும் தோலும்: இளமை விளம்பரங்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் ‘திரை’ என்னும் சொல் கடலலையையும் குறிக்கும். முதுமையில் தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரையுள்ள ஊர்களிலே வாழ்வோருக்கு இவ்விரு பொருளும் வெகு தொலைவில் இல்லை. கடற்றிரையோடு உழைக்கும் உடலிலேதான் தோற்றிரை முந்தி விழுகின்றது. அத்தகைய ஊரொன்றிலிருந்து பல்கலைக்கழகம் வந்தவள் என்ற முறையில், இன்று எங்கும் பெருகிவரும் இளமை விளம்பரங்களை இலக்கியப் பனுவல் ஒன்றை நோக்குவதுபோல நோக்க விழைகின்றேன்.

எந்தப் பனுவலுக்கும் அதனை ஆக்கியோனும், அது எதிர்நோக்கும் வாசகனும் உண்டு. கத்தியின்றி, தழும்பின்றி இளமை திரும்பும் என்று கூறும் விளம்பரங்களின் சொற்களைக் கவனித்தல் வேண்டும். சுருக்கம் அங்கு ‘சேதம்’ ஆகின்றது. கருமை ‘குறை’ ஆகின்றது. சிகிச்சை ‘மீட்பு’ ஆகின்றது. தோலில் விழுந்த கோடு எவ்வாறு விழுந்தது என்ற வினா மட்டும் எழுவதேயில்லை. அவ்வினா எழுந்தால் வெயிலைப் பற்றியும், வெயிலில் நிற்பவர் எவர் என்பது பற்றியும் பேச நேரிடும்.

இச்சிகிச்சைகளின் அடிப்படை எளிமையானது. தோலின் மேற்படையை அளவறிந்து காயப்படுத்தினால், அது ஆறும்போது புதிய படை தோன்றும். கிளைக்கோலிக் அமிலம் முதலியவற்றைப் பூசி மேற்படையை உரித்தல் ஒரு முறை. லேசர் ஒளியின் வெப்பத்தால் அதனை அகற்றுதல் மற்றொரு முறை. தோல் முழுவதையும் சுடாது, நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு இடையிடையே நலமான தோலை விட்டுவைக்கும் முறை 2004இல் அறிமுகமாயிற்று. அதனால் காயம் ஆறும் காலம் குறைந்தது. இவை மருத்துவ அறிவின் உண்மையான பேறுகளே. தேர்ந்த வைத்தியரிடம் முகத்தழும்புக்குப் பரிகாரம் தேடுபவரை எள்ளுவது என் நோக்கமன்று.

ஆயினும் இச்சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. புதிய தோல் முதிரும்வரை, வாரக்கணக்கில் வெயிலைத் தவிர்த்தல் வேண்டும். விளம்பரத்தின் வாசகர் யார் என்பது இங்கே வெளிப்படுகின்றது. நிழலில் இருக்க வசதியுள்ளவரே அவர்.

புத்தளத்தையும் பாலாவியையும் அண்டிய உப்பளங்களைப் பார்த்தவர்கள் இதனை உணர்வர். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். நமது உணவுக்குச் சுவையூட்டும் அதே வெயில், பாத்தியில் நிற்பவளின் தோலுக்குள் புகுந்து, அதனைத் தாங்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றது. ஒளி மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடற்கரை மணல் கழியூதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி வீசும் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கருவாடு காயவைப்பவளுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் தலைமேல் ஒரு வெயில், காலடியில் ஒரு வெயில். உப்பளத்தில் உழைத்த என் பெரியம்மாவிடம் இச்சிகிச்சையின் நிபந்தனையைச் சொன்னபோது அவர் சிரித்தார்: “வெயிலுக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எப்பிடிப் பிள்ளை எரியும்?”

நிறம் பற்றிய சிக்கலும் உண்டு. தோலை வகைப்படுத்த மருத்துவர்கள் இன்றும் கையாளும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் தோமஸ் ஃபிட்ஸ்பற்றிக் 1975இல் வகுத்தார். முதலில் அது வெண்ணிறத்தோரை மனங்கொண்டே அமைந்தது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. மெலனின் மிகுந்த நமது தோல், காயம் ஆறும்போது கருந்திட்டுகளாக மாறும் வாய்ப்பு அதிகம். அனுபவமற்ற கையில் அமிலமோ லேசரோ அகப்பட்டால், நீக்க வந்த கருமையே பெருகும். விளம்பரம் இதனைப் பெரிதும் பேசுவதில்லை.

பட்டினத்துச் சிகிச்சை எட்டாத கரையோரத்துக்கு அதன் மலிவான நிழல் வந்து சேர்கின்றது. என் மச்சாள் ஒருத்தி திருமணத்துக்கு முன்னர் கடையொன்றில் பூச்சு ஒன்றை வாங்கினாள். உள்ளடக்கம் எது, செய்தவர் யார் என்ற விபரம் எதுவும் டப்பாவில் இல்லை. முதல் வாரம் முகம் வெளிறியது, ஊரார் வியந்தனர். பின்னர் எரிவும் திட்டுகளும் தோன்றின. மணநாளில் அவற்றைப் பவுடர் மறைத்தது, மறுநாள் மறைக்கவில்லை. அவள் பூசியதில் என்ன இருந்ததென்று எவரும் அறியார். ஆனால் இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் மெலனின் உருவாவதைத் தடுக்கும் இரசம் கலக்கப்படுகின்றது என்பதும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் உலகறிந்தவை. 2013இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்கக் கோருகின்றது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. உடன்படிக்கை உண்டு; டப்பாவைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு, உலகளாவிய கண்டனங்களின்பின் 2020இல் ‘குளோ அன்ட் லவ்லி’ எனப் பெயர் மாறியது. வெண்மை போய்ப் பொலிவு வந்தது. பெண் பார்க்க வருவோரின் கண் மட்டும் மாறவில்லை.

நமது இலக்கிய மரபு இதற்கு விடை தருகின்றதா? நாலடியாரின் இரண்டாம் அதிகாரம் ‘இளமை நிலையாமை’. முதுமையின் கோலங்களைக் காட்டி அறத்தின்பால் திருப்புவது அதன் நெறி. ஆனால் அங்கும் உடல் சமூகத்தினின்று பிரிந்தே நிற்கின்றது. உப்புப் பாத்தியில் முந்தி விழும் திரையும் மாளிகையில் பிந்தி விழும் திரையும் அதற்கு ஒன்றே. விளம்பரம் திரையை விற்பனைக்குக் காரணமாக்குகின்றது. நிலையாமைப் பாடல் அதனைப் போதனைக்குக் காரணமாக்குகின்றது. திரை விழுந்த வரலாற்றை இரண்டும் கேட்பதில்லை.

புறநானூற்றுப் பிசிராந்தையார் இவ்விடத்தில் வேறுபடுகின்றார். ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாதது ஏன் என்ற வினாவுக்கு அவர் மருந்தையோ தவத்தையோ காட்டவில்லை. மனைவி மக்களின் மாண்பையும், ஏவலரின் இணக்கத்தையும், அல்லவை செய்யாத வேந்தனின் காவலையும், ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகக் காட்டினார். கவலையற்ற வாழ்வே இளமை என்றும், அவ்வாழ்வைத் தருவது தனிமனிதன் அல்லன், சூழவுள்ள சமூகமே என்றும் அவர் கண்டார் எனலாம். அவர் ஏவலருக்கு எப்போது நரைத்தது என்று பாடல் கூறவில்லை என்பதும் நமது கவனத்துக்குரியது.

ஆகவே, இளமை விளம்பரத்தைக் கண்டவுடன் நாம் எழுப்பவேண்டிய வினா ‘இது பயன் தருமா?’ என்பது மட்டுமன்று. ‘நிழல் யாருக்கு உண்டு?’ என்பதுமாகும். உப்பளத்தில் ஒரு கூரை, உச்சி வெயிலில் ஓய்வு, அகன்ற தொப்பி, பூச்சு வாங்குமுன் டப்பாவை வாசிக்கும் கல்வி ஆகியவை எந்த அமிலத்துக்கும் முந்திய இளமைச் சிகிச்சைகள். அவற்றை விளம்பரம் செய்ய எவரும் முன்வருவதில்லை. படித்தவர்களாகிய நாம் முன்வருதல் தகும்.