அம்பு போன பக்கம்

அடையாறை ஒட்டிய கிண்டிக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் இன்றும் மேய்கின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. ஆகவே சென்னையில் வில் பழகுகிறவருக்கு வட்டப் பலகையே இறுதி இலக்கு. அதற்கு, குறி பார்க்க வில்லில் பொருத்தும் குறிகாட்டியில் ஒற்றை ஊசி போதும் என்பேன். வேட்டை வில்லில் மூன்று, ஐந்து ஊசிகள் இருப்பது மான் நிற்கும் தூரம் முன்கூட்டித் தெரியாததால். ஒலிம்பிக் ரீகர்வ் போட்டியில் தூரம் 70 மீட்டர்தான் என்று தெரியும். 122 சென்டிமீட்டர் தாளின் நடுவே, 10 புள்ளி தரும் மஞ்சள் வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். அங்கே கூடுதல் ஊசி கண்ணைக் குழப்பும்.

குறிகாட்டியே எதற்கு, மூங்கில் வில்லாளிகள் அது இல்லாமல்தானே எய்கிறார்கள் என்று கேட்பார்கள். உண்மை, மூங்கில் வில்லுக்கான இந்தியன் ரவுண்ட் போட்டியில் அப்படித்தான். ஆனால் அந்தக் கை வர ஆண்டுகள் பிடிக்கும். குறிகாட்டியோ தவறை உடனே பிரித்துக் காட்டிவிடுகிறது: அம்புகள் கொத்தாக இடப்பக்கம் தைத்தால் ஊசியையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும், சிதறித் தைத்தால் திருத்த வேண்டியது தோளையும் விரலையும். திருகைச் சற்றே திருப்பியதும் அம்புக் கொத்து அப்படியே மஞ்சளுக்கு நகர்வது எத்தனை அழகு! கொத்தா சிதறலா என்று பார்க்கப் பெரிய தாள் வேண்டும். தொடக்கத்திலேயே சின்னத் தாளை மாட்டினால், விலகிய அம்பு எவ்வளவு விலகியது என்றே பிடிபடாது.